ஓடிபி சொல்ல மாட்டேன்

சீனு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய், நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் போனை வைத்துவிட்டு மிச்ச மீனைக் கழுவி, குழம்பு கூட்டி, உன் அப்பாவுக்கும் போட்டு நானும் சாப்பிட்டேன். வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே இறங்கியது. நீ பெங்களூரில் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று அப்பா சொன்னார். உட்காரட்டும் என்றேன். உன்னோடு போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கே வருவாய், அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் அப்பா படிப்பார், நம் கம்பெனி ஷெட்டில் வேலை பார்க்கிற ரோஸியும் படிப்பாள். வேறு யார் கேட்டாலும் கொடுப்பேன். பிள்ளை கேட்டான் என்று கம்பெனியில் பெயரைக் கொடுத்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிற அம்மாக்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ உன் மனைவியிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாய். நல்லவாட்டிலிருந்து கூடை கொண்டு வருகிற அம்மா சங்கரா மீன் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "ம்மா, ஓடிபி வந்திருக்கும் பாரு, சொல்லு." இத்தனை வருஷமாக இதே வாக்கியம்தான். ரேஷன் கடை வரிசையில் நின்று சொல்லியிருக்கிறேன், வில்லியனூர் தேர்க்கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன், உன் சித்தி வீட்டுச் சாவில் கொல்லைப் பக்கம் போய்க்கூடச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையும் எதற்கு என்று கேட்டதில்லை. நேற்று என்னவோ, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் செய்தியை முழுசாகப் படித்தேன். அதில் சிங்கப்பூர் என்று இருந்தது, என் பெயர் இருந்தது. இது இன்னாத்துக்குடா என்றேன். "அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதும்மா. சீக்கிரம் சொல்லு, டைம் முடிஞ்சிடும்" என்றாய். புரியாத ஆளோட கையெழுத்து உனக்கு இன்னாத்துக்கு என்று கேட்டுவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகு நீ விடாமல் அடித்ததெல்லாம் தெரியும். நான்தான் எடுக்கவில்லை.

நான் எப்படி டைரக்டர் ஆனேன் என்பதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. கம்பெனி பதிய இரண்டு பேர் வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். நீ உன் அப்பாவைத்தான் கேட்டாய். அவருக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், பான் கார்டில் வேறு இனிஷியல். அதைத் திருத்தி வருவதற்குள் உன் அவசரம் தாங்காது என்று என்னைப் பிடித்தாய். சும்மா பேருக்குத்தான்மா, நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாய். பாகூர் கடைத்தெருவில் மறுநாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காய்கறிக் கடையில் டைரக்டரம்மா வந்தாச்சு என்று கேலி பண்ணினார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் பிறப்பு, இறப்பு, வீட்டு வரி என்று ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவள். எனக்கு டைரக்டர் என்ற பட்டம் கசக்குமா.

அந்த ஜன்னலில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பேப்பரில் மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் கடைசியில் அழுதுகொண்டு நிற்பார்கள். வீட்டை அண்ணன் பேருக்கு மாற்றியது பேப்பரில் மட்டும்தான் என்பார்கள். வயதைக் குறைத்துப் போட்டது பேப்பரில் மட்டும்தான் என்பார்கள். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்த பிறகுதான் பேப்பர் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அதனால் உன் முதலீட்டாளர் நம் வீட்டுக்கு வந்து அதே வார்த்தையைச் சொன்னபோது எனக்குக் காதில் சுருக்கென்றது.

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். உன்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நாளில் பணம் போட்டவர். மரியாதையானவர், செருப்பை வாசலிலேயே விட்டார், இளநீரைச் சிந்தாமல் குடித்தார், என் வஞ்சிரம் வறுவலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கம்பெனியை சிங்கப்பூருக்கு மாற்றுவது பற்றி நான் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். இனிமேல் பெரிய பணம் போடப் போகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுக்கு அங்கே உள்ள சட்டமும் கோர்ட்டும்தான் பழக்கம். பின்னால் கம்பெனியை விற்பதானாலும் அங்கிருந்து விற்பது சுலபம். சிங்கப்பூரில் ஒரு கம்பெனி தொடங்கி, இங்கே இருப்பதை அதற்குள் போட்டுவிட்டால் போதும், நம் பங்குகளுக்குப் பதிலாக அந்தக் கம்பெனியின் பங்குகள் வந்துவிடும். "பேப்பர்லதாம்மா மாற்றம். பாகூர்ல எதுவும் மாறாது, இதே ஷெட், இதே ஆளுங்க" என்றார். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் காரில் ஏறும்போது அவர் உன்னிடம், குடும்பத்தோடு எப்போது ஷிஃப்ட் ஆகிறாய், பணம் போடுகிறவர்கள் ஃபவுண்டர் அங்கே இருப்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டார். நான் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன், உனக்குத் தெரியாது. எதுவும் மாறாது என்று வீட்டுக்குள் சொன்னதற்கும் இதற்கும் நடுவில் செருப்பு மாட்டுகிற நேரம்தான்.

இன்னொன்றும் அவர் சொன்னார். சாப்பிட்டுவிட்டு உன் லேப்டாப்பில் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். நம் கடலோரத்தில் எந்தெந்தப் போர்க்கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது, எங்கே உப்பு ஏறிக்கொண்டு வருகிறது என்று பச்சையும் சிவப்புமாக இருக்குமே, அந்தப் படம். "இந்த மேப்புதாம்மா உங்க பையனோட சொத்து, பொட்டிய யாரு வேணும்னாலும் செய்யலாம்" என்றார். உன்னைப் புகழ்கிறார் என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ முதல் பொட்டியைச் செய்தது அப்பாவின் மோட்டார் காயில் கட்டுகிற கடையில். கடலோரத்தில் அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும், ஏறிவிட்டால் நெல்லும் போச்சு கரும்பும் போச்சு. உப்பு தலைகாட்டும்போதே மோட்டாரை நிறுத்திவிட்டு விவசாயிக்குப் போனில் செய்தி சொல்கிற பொட்டி. உன் அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் மூடியை மாற்று என்று மட்டும் சொன்னார். பொட்டி நன்றாகத்தான் இருந்தது. மாட்டத்தான் யாரும் விடவில்லை. ஒரு போரில் மட்டும் மாட்டிப் பயனில்லை, பக்கத்துப் போர்க்காரன் இறைத்துக்கொண்டே இருந்தால் இவன் நிறுத்தி என்ன செய்வது. அந்தப் பகுதியே சேர்ந்து மாட்ட வேண்டும். நீ கிருமாம்பாக்கத்திலும் மணப்பட்டிலும் வெயிலில் அலைந்து கறுத்துப் போய் வந்தாய். கடைசியில் நீ வாயைத் திறந்து கேட்கவில்லை, நானே புடவையை மாற்றிக்கொண்டு உன் வண்டியில் பின்னால் ஏறினேன்.

மணப்பட்டில் வேலாயுதம் அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போனோம். அந்தப் பக்கம் அவர் சரி என்றால் மற்றவர்கள் சரி என்பார்கள். அவர் உன் பொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது எவ்வளவு இறைக்கிறேன், எவ்வளவு ஆழத்தில் நல்ல தண்ணி இருக்குது என்பதையெல்லாம் கண்டுபிடித்துவிடுமே, அதை யாரிடம் போய்ச் சொல்லும் என்று கேட்டார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நல்ல தண்ணீர் எங்கே என்று தெரிந்தால் பாட்டிலில் அடைத்து விற்கிறவன் பக்கத்து மனையை வாங்கி ஆழமாகப் போர் போட்டுவிடுவான். பிறகு பொட்டி இருந்து என்ன, இல்லாமல் போய் என்ன. நீ கிளவுடு, பாஸ்வேர்டு என்று ஏதோ ஆரம்பித்தாய். நான் உன் தொடையைத் தட்டி நிறுத்திவிட்டு, "என் புள்ளைக்குத்தாண்ணா சொல்லும். அவன் வேற எவன் கைக்கும் குடுக்க மாட்டான். நான் இருக்கறன் இல்ல" என்றேன். "பொட்டிய நம்பலம்மா. ஒன்ன நம்பி மாட்டறன்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நான் வந்தேன். எல்லார் வீட்டுப் பிறப்பையும் சாவையும் என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அதைப் பார்த்துத்தான் மாட்டினார்கள். அந்தப் பச்சை சிவப்புப் படம் அப்படித்தான் வந்தது, சீனு. அது உன் சொத்து என்று உன் முதலீட்டாளர் சொல்கிறார். அதில் பாதி என் வாக்கு.

அதனால் அன்றைக்கே அவரிடம் கேட்டேன். கம்பெனி சிங்கப்பூர் போனால் இந்தப் படம் யாருடையது, நாளைக்கு அதை விற்றால் நான் அங்கே கொடுத்த வார்த்தை என்ன ஆகும் என்று. பாலிசி அப்டேட் பண்ணி எல்லார் போனுக்கும் அனுப்பிவிடுவார்களாம். வேலாயுதம் அண்ணன் போனில் பாலிசி படிக்கிறவரா என்று நீயே யோசித்துப் பார். நான் அவர் வாசலில் நின்று சொன்னதை ஒரு மெசேஜ் வந்து மாற்றிவிடும் என்றால், நான் என்னத்துக்கு அங்கே நின்றேன்.

உனக்கு உன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரிந்த கதைதானே என்பாய். தெரியாது. ஜூலை லீவில் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டு வருகிற மாமாவைத்தான் உனக்குத் தெரியும். என் தம்பிக்கு சொல்தா வீட்டுப் பெண் ஜாதகம் வந்தபோது பாகூரே வாயைப் பிளந்தது. தாத்தா காலத்தில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்த குடும்பம், எல்லோருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரிஸ் பக்கத்தில் வீடு. நம் ஊரில் அந்தப் பேப்பர் இருக்கிற பெண் என்றால் நிறமும் பார்க்க மாட்டார்கள், வயதும் பார்க்க மாட்டார்கள். தரகர் முதல் நாள் வந்து சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. இப்போதைக்கு ரிஜிஸ்டர் மட்டும், பேப்பரில் மட்டும்தான், கல்யாணம் நிதானமாக ஊரறிய வைத்துக்கொள்ளலாம், பையன் இங்கேயே தொழிலைப் பார்க்கலாம், வருஷத்தில் பாதி அங்கே பாதி இங்கே. தம்பி அப்போது மூலக்குளத்தில் ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தான், கேட் செய்வதில் அவனுக்குப் பெயர் இருந்தது. சரி என்று ரிஜிஸ்டர் பண்ணினார்கள். பிறகு விசாவுக்கு அங்கே வேலை காட்ட வேண்டும் என்றார்கள். பிறகு பாஷைப் பரீட்சை என்றார்கள். பிறகு பட்டறை பெயரில் இருந்தால் சிக்கல், யாருக்காவது கொடுத்துவிடு என்றார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, சின்னதாக, நியாயமாக வந்தது. எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே தாம்பாளத்தில் வைத்துக் கொண்டு வந்திருந்தால் என் அப்பா அந்தத் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அதே வீட்டில் பெண்ணின் அண்ணனுக்கு என்னையும் கேட்டார்கள், அது உனக்குத் தெரியாது. கொம்யூன் வேலையை ராஜினாமா கூடச் செய்ய வேண்டாம், சம்பளமில்லாத லீவு போடட்டும், அதுவும் பேப்பரில்தான் என்றார் தரகர். நான் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, லீவு போடுவதாக இல்லை என்றேன். என் அப்பா ஒரு தீபாவளி வரை என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம்தான் மோட்டார் காயில் கட்டுகிற ஒருத்தர், கையெல்லாம் வார்னிஷ் நாற்றத்தோடு என்னைப் பார்க்க வந்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு இஷ்டமா என்பதுதான். உன் அப்பாவை நான் கட்டிக்கொண்டது அந்த ஒரு கேள்விக்காக.

உன் மாமா அங்கே கஷ்டப்படுகிறான் என்று நான் சொல்லவில்லை. உன் அத்தை தங்கமானவள். பிள்ளைகள் படித்து நல்ல வேலையில் இருக்கிறார்கள், மூலக்குளத்தில் பட்டறை இருந்த இடத்தில் மாடி வீடு கட்டிப் பூட்டி வைத்திருக்கிறான். போன ஜூலையில் வந்தபோது அந்த வீட்டு கேட் சரியாக மூடாமல் தரையில் இழுத்தது. கடையில் வாங்கிப் போட்ட கேட். ஏன்டா, போனது தப்புன்னு நினைக்கறியா என்று கேட்டேன். "போனது தப்பில்லக்கா" என்றான். "போறேன்னு நான் சொல்லவே இல்ல. ஒருத்தரும் கேக்கவும் இல்ல. எல்லாரும் ஒண்ணொண்ணா சொன்னாங்க, நான் ஒண்ணொண்ணா செஞ்சன். அதாங்க்கா." பிறகு உளியும் சுத்தியும் கேட்டு வாங்கி, அந்தக் கீலைத் தட்டி நேராக்க ஆரம்பித்துவிட்டான்.

இப்போது உன்னைப் பற்றி. போன வருஷம் வரைக்கும் நீ போனில் பேசினால் நான் இதைச் செய்யப் போறேன், நான் அதை மாத்தப் போறேன் என்பாய். தலைக்கனம் பிடித்த பிள்ளை என்று அப்பாவிடம் திட்டுவேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். இப்போது என்ன கேட்டாலும் 'அவங்க' என்கிறாய். அவங்க சிங்கப்பூர்தான் சரின்னு சொல்றாங்கம்மா. அவங்க அடுத்த பணம் அதுக்கப்புறம்தான் வரும்னு சொல்றாங்க. அவங்க குழந்தைய அங்கயே ஸ்கூல்ல போட்டுடலாம்னு சொல்றாங்க. என் பேத்தியை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்பதைக்கூடப் பணம் போட்டவர்கள் சொல்கிறார்கள் என்றால், நீ அந்தக் கம்பெனியில் யார்? நேற்று உன்னிடம் கோபப்பட்டது அந்த ஓடிபிக்காக இல்லை. எதற்கு என்று கேட்டதற்கு உன்னிடம் ஒரு வரி பதில் இருக்கவில்லை, அதற்காக.

நீ சொல்லப் போவது எனக்குத் தெரியும். பணம் வராவிட்டால் ஷெட்டில் சம்பளம் நிற்கும், ரோஸிக்கும் மற்றப் பெண்களுக்கும் நீ பதில் சொல்லுவியா என்பாய். கேட்டேன். இந்தக் கடிதத்தில் பாதி எழுதியதும் ஷெட்டுக்குப் போய் அவளிடமே கேட்டேன். ரோஸியின் அம்மாவும் அப்பாவும் இன்னொருத்தர் நிலத்தில் நாற்று நட்டு வளர்த்த பெண் அவள், இன்றைக்கு பொட்டிக்குள் ஒரு வயர் மாறினாலும் திருப்பி அனுப்புகிறாள். அவள் எனக்கு ஆதரவாகப் பேசுவாள் என்று நினைத்துப் போனேன். "சம்பளம் தேதிக்கு வந்தா போதும்க்கா. கம்பெனி சிங்கப்பூர்ல இருந்தா இன்னா, ஏம்பலத்துல இருந்தா இன்னா" என்றாள். எனக்கு முகத்தில் அடித்தமாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது நியாயம், அதையும் எழுதுகிறேன். சம்பளம் நிற்கக் கூடாது. நிற்காமல் செய்ய வேறு வழியே இல்லை என்றால் நானும் யோசிப்பேன்.

வழி இருக்கிறது, அதை நீயேதான் சொன்னாய். பொங்கலுக்கு வந்தபோது, கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற ஒருத்தர் பணம் போடத் தயார், கம்பெனி இங்கேயே இருக்கட்டும், படம் விவசாயிகளைத் தாண்டிப் போகக் கூடாது என்று எழுதித் தரவும் தயார் என்றாய். சொல்லிவிட்டு, அவர் கொடுக்கிற பணத்தில் மெதுவாகத்தான் வளர முடியும் என்று உதட்டைப் பிதுக்கினாய். மெதுவாக வளர்ந்தால் என்ன சீனு? நீ நடக்கவே தாமதம், ஆயிரம் பேர் என்னைப் பயமுறுத்தினார்கள். இப்போது மாதம் தவறாமல் விமானத்தில் பறக்கிறாய். உன் அப்பா பேப்பர் படித்துவிட்டுச் சொன்னார், வெளிநாட்டில் போய்ப் பதிந்துகொண்ட கம்பெனிகளில் சிலது இப்போது வரி கட்டித் திரும்பி இங்கேயே வருகிறதாம். போவதற்கு ஒரு வக்கீல், வருவதற்கு ஒரு வக்கீல். அவர்கள் பாடு கொண்டாட்டம்.

உன் அப்பா என்ன நினைக்கிறார் என்றால், கையெழுத்தைப் போட்டுடுடி, புள்ள நல்லா இருந்தா சரி என்று ஒரு தடவை சொன்னார். நான் பார்த்த பார்வையில் கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, நான் கேட்காமலே, மணப்பட்டுப் பக்கம் போர் மோட்டார் எரிஞ்சு கொண்டு வருவதே குறைஞ்சு போச்சு, நம்ம புள்ள பொட்டியாலதான், என் பொழப்புல மண்ணு போட்டுட்டான் என்று சிரித்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை உன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

இன்று காலை பஸ் பிடித்து வில்லியனூருக்கு ஆடிட்டர் ஆபீஸ் போனேன். என் டிஜிட்டல் கையெழுத்து, அந்தப் பென்டிரைவ் மாதிரி சாமான், அவர் டிராயரில்தான் இத்தனை வருஷமாகக் கிடந்தது. இதை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் கேட்டு வாங்கினதில்லையேம்மா என்று திகைத்தார், பிறகு கொடுத்துவிட்டார். அது இப்போது என் அஞ்சறைப்பெட்டியில், வெந்தயத்துக்கும் கடுகுக்கும் நடுவில் பத்திரமாக இருக்கிறது. உன் கையில் பங்கு அதிகம், நினைத்தால் என்னை டைரக்டர் பதவியிலிருந்து தூக்கிவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் ஆடிட்டரிடம் கேட்டேன். தூக்கலாம், ஆனால் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, கூட்டம் போட்டு, என் பக்கத்தை நான் பேச விட்ட பிறகுதான் தூக்க முடியுமாம். ரொம்ப நல்ல சட்டம். அதற்காகவாவது கூப்பிடு. உன் கம்பெனியில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறேன்.

கூட்டத்தை பெங்களூரில் கண்ணாடி அறையில் வைக்காதே. பாகூரிலேயே ஷெட்டில் வை. கம்பெனிக்கு எழுதியிருக்கிற விலாசம் இன்றைக்கும் நம் வீட்டுக் கதவு எண்தான். உன் முதலீட்டாளரையும் அழைத்து வா, வஞ்சிரம் கிடைத்தால் வாங்கி வைக்கிறேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் அவருடைய வேலையைச் செய்கிறார். எனக்குக் கேட்க வேண்டியது உன்னிடம்தான், அதுவும் உன் அப்பா என்னைக் கேட்ட அதே கேள்வி. உனக்கு இஷ்டமா?

என் முகத்தைப் பார்த்து, "நான் போகணும்மா" என்று நீ சொன்னால், நான் தடுக்க மாட்டேன். உன் உழைப்பு, உன் ஆசை, நீ உலகம் முழுக்கப் பொட்டி மாட்டு. ஆனால் அன்றைக்கே நான் மணப்பட்டுக்குப் போவேன். வேலாயுதம் அண்ணன் வாசலில் நின்று, நான் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கிறேண்ணா, இனிமேல் பொட்டி வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். ஒவ்வொரு வீட்டிலும் சொல்வேன். வண்டியில் பின்னால் உட்கார வைத்து நீதான் என்னை அழைத்துப் போக வேண்டும், அன்றைக்கும் நீதானே ஓட்டினாய். எல்லா வீட்டுக்கும் சொல்லி முடித்துத் திரும்பி வந்த பிறகு ஓடிபியைச் சொல்கிறேன்.

"அவங்க சொல்றாங்கம்மா" என்று நீ ஆரம்பித்தால், போன் பாட்டுக்கு அடிக்கட்டும். நான் மீன் கழுவிக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா,
இந்த நிமிஷம் வரை டைரக்டர்